வெள்ளை கட்டி நடந்தவள்

பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட்டின் பக்கச் சுவரை ஒட்டி, வாழையிலைக்காரர்களையும் தேங்காய்க்காரனையும் தாண்டி, முப்பிடாதியம்மாள் கோணிச் சாக்கு விரித்துப் பூ விற்றுவந்தாள். காலையில் தாதருக்குப் போய் உதிரிப் பூ வாங்கிவருவாள். உட்கார்ந்த இடத்திலேயே தொடுப்பாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து மாமிகள் கோயிலுக்குப் போகிற வழியில் நின்று முழம் போடச் சொல்லி வாங்குவார்கள். அவள் கட்டு நெருக்கமாக இருக்கும். தலையில் வைத்தால் ராத்திரிவரை உதிராது. பூ வாடாமலிருக்க வெள்ளை மல் துணியை நனைத்துக் கூடைமேல் போட்டிருப்பாள். மிச்சப் பூவோடு வீடு திரும்பும்போதும் தலையிலிருக்கும் கூடையை அந்தத் துணிதான் மூடியிருக்கும்.

பக்கத்துச் சாக்கு பேராச்சியுடையது. எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் விற்றாள். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான் என்றாலும் ஊர் வேறு, உறவு கிடையாது. தாராவியில் ஒரே சந்தில் குடியிருந்ததால், தண்ணீர்க் குழாயடியில் முதலில் சண்டை போட்டு, பிறகு சிநேகமானவர்கள். பேராச்சிக்குப் பெரிய குரல். விலை குறைத்துக் கேட்கிறவர்களை அவர்கள் மனம் நோகாமலே கேலி செய்து அனுப்பிவிடுவாள். அவளுடைய புருஷன் எப்போதோ நாக்பூருக்கு ரயிலேறிப் போனவன், திரும்பவில்லை. செத்தானா இருக்கிறானா என்று தகவல் இல்லாததால் அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, வெள்ளைக்கு மாறவும் இல்லை.

“எங்கேயோ ஒருத்தி கையால சோறு திங்கான். அதனால எனக்குக் கலருச் சேலை. புண்ணியவான்” என்பாள்.

கலர்ச் சேலை என்றாலும் அவள் உடுத்துவது கறுப்பும் கருநீலமும்தான். மார்க்கெட் மண்ணில் உட்கார்ந்து எழுகிறவளுக்கு அழுக்குத் தெரியக் கூடாது என்பது அவள் கணக்கு.

இருட்டியதும் இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்புவார்கள். பெரிய ரோட்டோடு சயான் வரைக்கும் போய், ரயில் பாலம் ஏறி இறங்கினால் தாராவி. பஸ்ஸில் கூடையை ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே நடைதான். பேச்சு இருக்கும்வரை தூரம் தெரிவதில்லை.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. பம்பாய் முழுக்க விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். தெரு விளக்குகளில் பாதி எரியவில்லை, எரிந்தவற்றுக்குத் தகரத்தில் தொப்பி போட்டார்கள். மாட்டுங்காவில் மாடி வீடுகளின் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டப்பட்டது. எங்காவது ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் கீழே இருந்து விசில் ஊதி, “பத்தி பந்த் கரோ!” என்று விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துவார்கள். லாரிகளும் டாக்சிகளும் முகப்பு விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டு, தரையில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் மங்கலாக வெளிச்சம் விழ, உறுமிக்கொண்டு போயின. கிட்டே வரும் வரைக்கும் வண்டி வருவது சத்தத்தில்தான் தெரியும்.

“ஏட்டி முப்பிடாதி, சண்டை எங்கனயோ நடக்கு. நம்மளை ஏன் குருடாக்கிப் போட்டுருக்கானுவ?” என்று பேராச்சி முதல் நாளே கேட்டாள்.

“மேலேருந்து குண்டு போடுதவனுக்கு நம்ம தெரியக் கூடாதாம்க்கா.”

“அவனுக்குத் தெரியாட்டா சரி. கீழ வாரவனுக்கும்லா தெரிய மாட்டேங்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் எதையும் சிரித்துத்தான் சொல்வாள்.

புரட்டாசி பிறந்த சமயம். சாயங்காலம் மழை தூறி விட்டிருந்தது. பாலத்துக்குப் போகிற ஏற்றத்தில் ஃபுட்பாத்தைத் தோண்டிப் பதுங்குகுழி வெட்டி, மண்ணைக் குவித்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் ரோட்டில் இறங்கித்தான் நடந்தார்கள். முப்பிடாதி தலையில் கூடையோடு ஓரமாக நடந்தாள். பேராச்சி பக்கத்தில் வந்தாள். மகள் ஆறுமுகத்தாய்க்கு மூன்று மாதமாகக் குளி நின்றிருக்கிறது என்ற சேதியை அன்றைக்குத்தான் சொன்னாள். வளைகாப்புக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. முப்பிடாதி அதைத் தாண்டினாள். பேராச்சி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி நடு ரோட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள்.

பின்னாலிருந்து லாரி வந்தது. முப்பிடாதி திரும்பிப் பார்ப்பதற்குள் அது அவளை விட்டு விலகிச் சட்டென்று வலது பக்கம் திரும்பியதை உணர்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது. தப்பித்தோம் என்று நினைத்த அதே நொடியில் மொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. எலுமிச்சம்பழங்கள் சரிவில் உருண்டு அவள் காலில் வந்து மோதின.

“எக்கா!”

பதில் இல்லை. பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்துத்தான் பேராச்சி எங்கே கிடக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இருட்டு, அவ்வளவு கறுப்பு.

டிரைவர் ஓடிவிடவில்லை. இறங்கி வந்தான். இளவயது, மெலிந்த ஆள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு அடி போட்டார்கள். அவன் கையைக் கூடத் தூக்கவில்லை. “தேக்கா நஹீ… கசம் ஸே, தேக்கா நஹீ” என்று அழுதான். பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தான். பிறகு கூடையிலிருந்து நழுவி ரோட்டில் கிடந்த மல் துணியைக் காட்டி முப்பிடாதியிடம் ஏதோ சொன்னான். கூட்டத்தின் இரைச்சலில் வேறு யார் காதிலும் அது விழவில்லை. தாதர் பூ மண்டியில் பேரம் பேசிப் பேசி இந்தி பழகிய அவளுக்கு நன்றாகவே விளங்கியது. வெள்ளைத் துணி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது, அதன்மேல் ஏற்றிவிடக் கூடாது என்றுதான் வண்டியைத் திருப்பினேன், அந்தப் பக்கம் ஆள் இருந்தது தெரியாது என்றான் அவன்.

அதே லாரியில்தான் பேராச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. ஆறுமுகத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் விழுந்து அழுதபோது, முப்பிடாதி அவள் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். டிரைவர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் வரவில்லை.

சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். துணி இல்லாவிட்டால் லாரி தன்மேல்தான் ஏறியிருக்கும். அல்லது இரண்டு பேர்மேலும். அல்லது யார்மேலும் ஏறாமல் நேராகப் போயிருக்குமோ? இந்தக் கடைசிக் கேள்வியில் வந்துதான் ஒவ்வொரு ராத்திரியும் தூக்கம் கலைந்தது.

அந்த வாரமே, மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது புருஷனுடைய பழைய வெள்ளை வேட்டி ஒன்றை மடித்துக் கூடைக்கடியில் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது அதைத் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்திக்கொண்டாள். வண்டி முதுகுக்குப் பின்னால் வருகிற ஓரத்தை விட்டு எதிர் ஓரத்துக்கு மாறினாள். வருகிறது தன் கண்ணுக்குத் தெரியட்டும், தான் நிற்பது வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று.

அவளுடைய புருஷன் பிரம்மநாயகம் தாராவியில் ஒரு தோல் பதனிடும் பட்டறையில் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி இறங்கிக் காலெல்லாம் வெடித்து, நெஞ்சிலும் கபம் கட்டிப்போனவர். ஒரு ராத்திரி வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோது, வெள்ளையாக ஒருத்தி சந்துக்குள் வருவதைப் பார்த்தார். கிட்டே வந்தபிறகுதான் தன் மனைவி என்று தெரிந்தது.

“ஏட்டி, நான் இன்னும் சாவல” என்றார்.

“என்ன பேச்சு இது.”

“வேறென்ன பேச? நான் உசுரோட இருக்கையிலயே வெள்ளையச் சுத்திட்டு வார. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவா? தாலி கட்டுனவன் குத்துக்கல்லாட்டம் இங்கன உக்காந்திருக்கேன்.”

முப்பிடாதி கூடையை இறக்கிவைத்தாள். அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். சந்து முடிகிற இடத்தில், விளக்கில்லாத ரோட்டோரத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

“இங்கனயே நில்லுங்க.”

வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புச் சேலையோடு நாலைந்து வீடு தூரம் நடந்து போய் நின்றாள்.

“நான் எங்க நிக்கேன், சொல்லுங்க.”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “அங்கயா? சுவத்துப் பக்கம்?”

“நடு ரோட்டுல நிக்கேன்.”

பிறகு வேட்டியை உதறிப் போர்த்தினாள். அவள் திரும்பி வந்து பக்கத்தில் நிற்கும்வரை அவர் இருமலையும் அடக்கிக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

“பேராச்சி இப்பிடித்தான் நின்னா” என்றாள்.

“சரி. பாலம் இறங்குனதும் அவுத்துரு. சந்துக்குள்ள இதோட வராத. எனக்காவச் சொல்லல, சனங்களுக்காவச் சொல்லுதேன்” என்றார் பிரம்மநாயகம்.

அவள் அப்படியே செய்தாள். ஆனாலும் நாலு பேர் கண்ணில் பட்டுத்தான் போயிற்று.

அம்மாவின் இடத்தில் ஆறுமுகத்தாய் எலுமிச்சம்பழம் விற்க வந்து உட்கார்ந்தாள். அவளுடைய புருஷன் இசக்கிக்குப் பட்டறையில் வேலை நிரந்தரமில்லை. கர்ப்பிணியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் முப்பிடாதி கூடவே கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். அவளுக்கும் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்துப் பார்த்தாள்.

“வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு வெள்ளையப் போடச் சொல்லுதியளே சித்தி! எங்க வீட்டுக்காரரு பாத்தா கொன்னுருவாரு” என்று அவள் கையால்கூடத் தொடவில்லை.

“அப்ப எனக்குப் பின்னால வா. பக்கத்துல வராத.”

“ஏன்?”

“சொன்னதக் கேளு.”

சண்டை நின்றது. கறுப்புக் காகிதங்களைக் கிழித்துப் போட்டார்கள். லாரிக்காரர்கள் விளக்கிலிருந்த மையைச் சுரண்டினார்கள். ஆனால் பாலத்து ஏற்றத்தில் தொப்பி போட்ட விளக்குகள் அப்படியே இருந்தன, சில எரியவும் இல்லை. முப்பிடாதி வேட்டியை விடவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த டிரைவர் சந்துக்குள் வந்தான். ஜாமீனில் வெளியே வந்திருந்தான். பெயர் சிராஜ் என்றும் ஊர் உத்தரப்பிரதேசத்தில் எங்கோ என்றும் சொன்னான். இறந்துபோன அம்மாவின் வீடு எது என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கிறான். இசக்கி அடிக்கப் பாய்ந்தான், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். சிராஜ் வாசல்படிக்கு வெளியே மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். ஆறுமுகத்தாய் பம்பாயில் பிறந்தவள், தமிழைவிட இந்தி அவளுக்குச் சரளம். அவளைப் பார்த்துத்தான் பேசினான்.

தூங்க முடியவில்லை என்றான். தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது என்றான். பேசிக்கொண்டே வந்தவன் கூட்டத்தில் முப்பிடாதியைக் கண்டுவிட்டான். கைநீட்டிக் காட்டினான்.

“இவரைத்தான் காப்பாற்றினேன் தங்கச்சி. இவர் தலையில் வெள்ளைத் துணி இருந்தது. அதைப் பார்த்துத்தான் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். அன்றைக்கே இவரிடம் சொன்னேனே.”

இந்தி தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். ஆறுமுகத்தாய் மெல்லத் திரும்பினாள்.

“அன்னைக்கே தெரியுமா சித்தி ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“இத்தன நாளு கூட வந்தியளே. தெனமும் வந்தியளே. ஒரு வார்த்த சொல்லலியே.”

“எப்பிடிச் சொல்லட்டும்மா? எந்த வாயால சொல்லட்டும்?”

ஆறுமுகத்தாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிராஜ் எழுந்து போனான். தான் சொன்னதில் என்ன ஆகிவிட்டது என்று அவனுக்கு விளங்கவேயில்லை. அவன் வழக்கு எப்படி முடிந்தது என்று பிற்பாடு யாருக்கும் தெரியவில்லை, அவனும் திரும்ப வரவில்லை.

மறுநாள் ஆறுமுகத்தாய் தன் சாக்கை மார்க்கெட்டின் மறுகோடிக்கு மாற்றிப் போட்டாள். ராத்திரி இசக்கி வந்து கூட்டிப்போனான். வளைகாப்புக்கு முப்பிடாதியைக் கூப்பிடவில்லை. பெண் குழந்தை பிறந்த சேதியைக் குழாயடியில் வேறு யாரோ சொல்லித்தான் அவள் கேட்டாள். அன்றைக்குக் கூடையில் கிடந்த பூவை விற்காமல் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அடுத்த மழைக்காலத்தில் பிரம்மநாயகம் படுத்தார். நெஞ்சுக்கபம் முற்றி மூச்சு விட முடியாமல் திணறினார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். ஒருநாள் மழையில் நனைந்து திரும்பி வந்த அவளைப் பார்த்து, “வேட்டி எங்க?” என்று கேட்டார். ஈரமாகிவிட்டது, பிழிந்து வைத்திருக்கிறேன் என்றாள். “இன்னொண்ண எடுத்துட்டுப் போ. எனக்கெதுக்கு இனிம ரெண்டு வேட்டி?” என்றார். ஆடி மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டில் அழ வந்தவர்களே பேசினார்கள். புருஷன் இருக்கும்போதே வெள்ளையைப் போர்த்திக்கொண்டு திரிந்தாள், கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றார்கள். பேராச்சியை அந்தத் துணி தின்றது போதாதென்று கட்டியவனையும் தின்றது என்று சண்முகவடிவு என்கிற எதிர்வீட்டுக்காரி அவள் காதில் விழும்படியே சொன்னாள். சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. சடங்கு முடிந்து வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து மேலே போட்டார்கள். இத்தனை நாள் இருட்டுக்கு மட்டும் போர்த்தியது அன்றிலிருந்து பகலுக்கும் ஆயிற்று.

பூ வியாபாரம் அதோடு படுத்தது. வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக உட்கார்ந்திருக்கிறவளிடம் சுமங்கலிகள் எப்படிப் பூ வாங்குவார்கள்? முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்காததுபோல் தாண்டிப் போனார்கள். பாலக்காட்டுக்காரியான ராஜலக்ஷ்மி மாமி மட்டும் நின்றாள். வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் வாங்கியவள்.

“கேட்டியோ முப்பிடாதி, தப்பா எடுத்துக்காதே. நேக்கு ஒண்ணும் இல்லை. ஆத்துல மாமியார் இருக்கா, கேப்பா, யார் கையால வாங்கினேன்னு. நான் பொய் சொல்லமாட்டேன்” என்றாள். கண்ணில் நீர் திரண்டிருந்தது. ஆனாலும் வாங்காமல்தான் போனாள்.

அன்றைக்கு வாடிய பூவைச் சாக்கடை ஓரம் கொட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. ஆறுமுகத்தாய். இடுப்பில் குழந்தை. பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது.

“எவ்வளவு பூ இப்பிடிப் போவுது?” என்று கேட்டாள்.

“போவுது.”

“எலுமிச்சம்பழம் யாரு வித்தாலும் வாங்குவாங்க. அதுல சாஸ்திரம் ஒண்ணும் கெடையாது.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “நீங்க பழத்தப் பாத்துக்கிடுங்க. பூவ வீட்டுலயே தொடுத்துத் தாங்க. நான் வச்சி விக்கேன்.”

முப்பிடாதி அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் போய்விட்டதா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஒங்கம்மைக்கு நான்…”

“அதப் பேசாதிய சித்தி. பேசுனா நான் போயிருவேன்.”

அதற்கப்புறம் அவர்கள் அதைப் பேசவே இல்லை. சாக்குகள் மறுபடி பக்கத்தில் வந்தன. விடிகாலையில் தாராவியின் ஒற்றையறைக் கோலிக்குள் உட்கார்ந்து முப்பிடாதி தொடுத்தாள். மார்க்கெட்டில் ஆறுமுகத்தாய் முழம் போட்டாள். முதல் வெள்ளிக்கிழமை ராஜலக்ஷ்மி மாமி வந்தாள். சரத்தை விரலால் நீவிப் பார்த்தாள். நெருக்கத்தைப் பார்த்ததும் கை நின்றது. பக்கத்தில் எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால் குனிந்திருந்த வெள்ளை முக்காட்டுத் தலையை ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

இது இரண்டு வருஷம் நடந்தது. பிறகு இசக்கிக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகக் கிடைத்தது. டோம்பிவிலியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். கூட வந்து இருக்கும்படி ஆறுமுகத்தாய் ஒரு வார்த்தை கேட்டாள். கேட்ட விதத்திலேயே முப்பிடாதிக்குப் பதில் தெரிந்துவிட்டது. “நீ போம்மா. எனக்கு இங்கனயே பழகிப்போச்சி” என்றாள். ரயில் நிலையத்துக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தாள். குழந்தை அழுதது, அவள் அழவில்லை. சந்துக்குள் வந்து விளக்கேற்றாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பூ தொடுப்பது அன்றோடு நின்றது. எலுமிச்சம்பழம் மட்டும் மிஞ்சியது.

தனியாக நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். மாட்டுங்காவில் வீட்டு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிற தாராவிப் பெண்கள், இருட்டியபின் பாலத்து ஏற்றத்துக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். யாருக்கோ காத்திருப்பவர்கள்போல் வளையல் பெட்டியை, காய்கறிப் பையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். முப்பிடாதி தாண்டிப் போனதும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் வருவார்கள். வெள்ளைச் சேலையைத் தூரத்திலேயே பார்த்து வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. அவளுக்குப் பின்னால் போகிறவர்களுக்கு ஆபத்தில்லை என்று அவர்களுக்குள் பேச்சாகியிருந்தது. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்தது. “வெள்ளச்சேல போயிட்டாளா, இன்னும் வரணுமா?” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டதை அவளே கேட்டாள்.

இதே பெண்கள் காலையில் அவள் எதிரே வந்தால் ஒதுங்குவார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் அவள் குழாயடிக்குப் போய்வரும்வரை வாசலுக்குள்ளேயே நிற்பார்கள். சண்முகவடிவு தன் மகளைப் பெண் பார்க்க வருகிற நாளுக்கு முந்தின நாளே அவளிடம் வந்து, “மைனி, நாளைக்குக் காலம்பற மாட்டும் கொஞ்சம் வெள்ளனக் கெளம்பிப் போயிருங்க” என்றாள். முப்பிடாதி சரி என்றாள். சொன்னபடியே வெளிச்சம் வருமுன் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பாலத்தடியில் நின்றவர்களில் சண்முகவடிவும் இருந்தாள். வந்தவர்களுக்குப் பெண் பிடித்திருந்தது. நிச்சயத்துக்குச் சாமான் வாங்கப் போனவள், இரண்டு பையோடு நின்றுகொண்டிருந்தாள். முப்பிடாதியைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்தினாள். பிறகு, இருட்டைப் பார்த்தோ என்னவோ, பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நடக்க ஆரம்பித்தாள்.

“பக்கத்துல வராத” என்றாள் முப்பிடாதி.

சண்முகவடிவுக்கு முகம் சுண்டிவிட்டது. “நேத்து சொன்னத மனசுல வச்சிருக்கியளா மைனி?”

“அது ஒண்ணுமில்ல. பின்னால வா. எல்லாரும் ஒருத்தி பின்னால ஒருத்தியா வாங்க. எனக்குப் பக்கத்துல மாட்டும் யாரும் வராதிய.”

வைராக்கியம் பிடித்தவள் என்று அவர்கள் முணுமுணுத்துக்கொண்டார்கள். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று விளக்கவில்லை. விளக்காமலே புரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தி டோம்பிவிலியில் இருந்தாள்.

ஏற்றத்தில் பாதி போயிருப்பார்கள். எதிரே ஒரு லாரி வந்தது. விளக்கு அவள்மேல் விழுந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, வெள்ளைச் சேலையை விட்டு நன்றாக விலகினான். முப்பிடாதி நின்றாள். கூடையைக் கையால் பிடித்துக்கொண்டு, விலகிய பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி, வரிசையில் கடைசியாக வந்தவளும் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறாளா என்று பார்த்தாள். லாரியின் சத்தம் சரிவில் இறங்கித் தேயும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, மேலே நடந்தாள்.